போர்முறையை மாற்றுவது ஆயுதம் மட்டும்தானா?

நவீனப் போர்முறையை மாற்றிக்கொண்டிருக்கும் காரணிகள் எவை, எல்லாவற்றுக்கும் மூலம் தொழில்நுட்பம்தானா என்பது கேள்வி. தொழில்நுட்பம் வாய்ப்பைத் தருகிறது. அந்த வாய்ப்பு களத்தில் மாற்றமாக விளைவதற்கு விலை, உற்பத்தித் திறன், படையின் அமைப்பு, கற்றுக்கொள்ளும் வேகம், அரசியல் விதிக்கும் எல்லைகள் ஆகிய எல்லாம் சேர வேண்டும். இவற்றுள் இன்றைய நிலையில் முதலிடம் விலைக்குத்தான் என்பது என் கணிப்பு. குறி தவறாமல் தாக்குவது ஒரு காலத்தில் வல்லரசுகளுக்கு மட்டுமே கட்டுப்படியான காரியமாக இருந்தது. இன்று அது மலிவாகிவிட்டது. நாம் காணும் பிற மாற்றங்களில் பெரும்பாலானவை அதன் பின்விளைவுகளே.

ஆயுதம் மட்டும் போதாது என்பதற்கு 1940-ஐ விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அந்த ஆண்டு மே 10 அன்று ஜெர்மனி மேற்கு நோக்கிப் படையெடுத்தபோது, பிரான்சிடமும் அதன் நேச நாடுகளிடமும் இருந்த டாங்கிகள் எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல. பிரெஞ்சு ஷார் பி-1 டாங்கியின் முன்புறக் கவசத்தை ஜெர்மானியர்களின் வழக்கமான 37 மில்லிமீட்டர் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியால் துளைக்க முடியவில்லை. ஆனால் ஜெர்மன் டாங்கிகளில் வானொலிக் கருவி இருந்தது, பிரெஞ்சு டாங்கிகள் பலவற்றில் இல்லை. பிரான்ஸ் தன் டாங்கிகளில் பெரும்பகுதியைக் காலாட்படைக்குத் துணையாகப் பிரித்துக் கொடுத்திருந்தது, ஜெர்மனியோ அவற்றைத் தனிப் படைப்பிரிவுகளாகத் திரட்டி விமானப்படையோடு இணைத்து ஓட்டியது. ஜூன் 22 அன்று பிரான்ஸ் போர்நிறுத்த உடன்பாட்டில் கையெழுத்திட்டது. எஃகும் எஞ்சினும் இரு தரப்பிலும் இருந்தன. அவற்றை வைத்து எப்படிச் சண்டையிடுவது என்ற சிந்தனை ஒரு தரப்பில் மட்டுமே மாறியிருந்தது.

இனி துல்லியத்தின் விலைக்கு வருகிறேன். பிரிட்டனின் இரவுநேரக் குண்டுவீச்சு எவ்வளவு பயன் தருகிறது என்று விமானங்கள் எடுத்த புகைப்படங்களைக் கொண்டு ஆராய்ந்த பட் அறிக்கை 1941 ஆகஸ்டில் வெளிவந்தது. இலக்கைத் தாக்கியதாகப் பதிவான விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர், தொலைவுக்குள்ளாவது சென்றிருந்தது என்று அது கண்டது. ஒரு தொழிற்சாலையை அழிக்க ஒரு நகரத்தையே எரிக்கும் கொடுமைக்கு இந்தக் குறிதவறலும் ஒரு காரணம். வட வியட்நாமின் தான் ஹோவா பாலம் 1965 முதல் நூற்றுக்கணக்கான விமானத் தாக்குதல்களைத் தாங்கி நின்றது. 1972 மே மாதம் லேசர் வழிகாட்டும் குண்டுகள் வந்த பிறகுதான் அது வீழ்ந்தது. 1991 வளைகுடாப் போரில் தொலைக்காட்சியில் உலகம் பார்த்தவை பெரும்பாலும் துல்லியக் குண்டுகளே என்றாலும், உண்மையில் வீசப்பட்ட குண்டுகளில் அவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அத்தனை விலை.

இன்று உக்ரைன் களமுனையில், சில நூறு டாலர் விலையுள்ள ஒரு சிறு டிரோன், பல லட்சம் டாலர் மதிப்புள்ள டாங்கியின் திறந்த மூடி வழியே நுழைந்து வெடிக்கிறது. அது எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். பதுங்கு குழிக்குள் சில வீரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கண்களை முழுதும் மூடும் காட்சிக் கண்ணாடியை அணிந்து, டிரோனின் முகப்பிலுள்ள கேமரா காண்பதைக் கண்டுகொண்டே அதை ஓட்டுகிறார். அருகிலிருப்பவர் வேறொரு உளவு டிரோன் மேலிருந்து அனுப்பும் படத்தையும் வரைபடத்தையும் பார்த்து வழி சொல்கிறார். இன்னொருவர் வெடிமருந்தைப் பொருத்தி டிரோனைப் புறப்பட வைக்கிறார். இலக்கை நெருங்கித் தாழப் பறக்கும்போது மேடும் மரங்களும் வானொலி அலையை மறைப்பதால் கடைசி விநாடிகளில் படம் கலங்கத் தொடங்குகிறது. வானொலித் தொடர்பைக் குலைக்கும் கருவியான ஜாமரை எதிரி இயக்கிக்கொண்டிருந்தால் அதற்கு முன்பே திரை வெறுமையாகி டிரோன் எங்கோ விழுந்துவிடும். இதைக் கடக்க இரு தரப்பும் 2024 முதல் ஒளியிழை டிரோன்களைப் பெருமளவில் கொண்டுவந்தன. தூண்டில் நரம்பைப் போன்ற மெல்லிய ஒளியிழை, டிரோனின் அடியிலுள்ள உருளையிலிருந்து 10, 20 கிலோமீட்டர் வரை அவிழ்ந்துகொண்டே போகும். கட்டளையும் படமும் அந்த இழைக்குள் செல்வதால் ஜாமரால் ஒன்றும் செய்ய முடியாது. வெயில் சாயும் நேரத்தில், போர் நடந்த வயல்களின் மேல் இந்த இழைகள் சிலந்தி வலைபோல் மின்னும் படங்களைப் பலரும் பார்த்திருக்கக்கூடும்.

மலிவான துல்லியத்துக்கு ஒரு துணை தேவைப்பட்டது: எதிரி எங்கிருக்கிறான் என்பதை எந்நேரமும் அறியும் வசதி. தனியார் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. 2022 மார்ச்சில் கீவ் நகருக்கு வடக்கே சுமார் 64 கிலோமீட்டர் நீளத்துக்கு நின்ற ரஷ்யப் படை வாகன வரிசையை உலகமே அத்தகைய படங்களில் பார்த்தது. கைபேசியும் காட்டிக்கொடுக்கும். 2023 புத்தாண்டின் முதல் நிமிடங்களில் ரஷ்யாவின் பிடியிலிருந்த உக்ரைன் நகரான மகீவ்காவில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தின் மீது உக்ரைனின் ராக்கெட்டுகள் விழுந்தன. 89 பேர் இறந்ததாக ஒப்புக்கொண்ட ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம், தடையை மீறி வீரர்கள் கைபேசிகளைப் பயன்படுத்தியதே முதன்மைக் காரணம் என்றது. அவ்வளவு பேரை ஒரே கட்டடத்தில் தங்கவைத்த அதிகாரிகளின் பொறுப்பை அந்த விளக்கம் மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து. ஆனாலும் நெருங்கிக் கூடினால் சாவு என்ற பாடம் அங்கே எழுதப்பட்டுவிட்டது.

இந்தப் பாடம் போரின் உருவத்தையே மாற்றியிருக்கிறது. படையைத் திரட்டி ஓரிடத்தில் உடைத்து முன்னேறுவது என்பது நூற்றாண்டுகளாகத் தளபதிகள் கற்ற அடிப்படை. கூடினால் கண்டுபிடிக்கப்படும், கண்டுபிடிக்கப்பட்டால் சில நிமிடங்களில் தாக்கப்படும் என்ற நிலையில், இரண்டிரண்டு மூன்றுமூன்று பேராகக் காலாட்படை ஊர்ந்து முன்னேறுகிறது. சில இடங்களில் மோட்டார் சைக்கிள்களில் பாய்கிறது. முன்வரிசையிலிருந்து பல கிலோமீட்டர் பின்னால் வரை வாகனம் ஓட்டுவதே உயிரைப் பணயம் வைக்கும் செயலாகிவிட்டதால், சாலைகளின் மேல் வலைகளைக் கட்டிக் கூரைபோல் மூடுகிறார்கள். தண்ணீரும் தோட்டாவும் டிரோன் வழியாகவும் தரையில் ஊரும் சிறு இயந்திர வண்டிகள் வழியாகவும் போகின்றன. இதில் என்னை மிகவும் வருத்துவது காயமடைந்தவர்களின் நிலை. அடிபட்ட ஒருவரை ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்ற கணக்கில்தான் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்கா ஹெலிகாப்டர் மீட்பை அமைத்திருந்தது. வானம் எதிரியின் கண்களால் நிறைந்திருக்கும் களத்தில் ஹெலிகாப்டர் வர முடியாது, ஆம்புலன்சும் வர முடியாது; இரத்தப்போக்கை நிறுத்தக் கட்டிய இறுக்குப் பட்டையோடு வீரர்கள் பல மணி நேரம், சில வேளை நாள்கணக்கில், குழிக்குள் காத்துக் கிடக்கிறார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய கைகளும் கால்களும் இப்படித்தான் இழக்கப்படுகின்றன.

விலை என்ற காரணி தாக்குபவருக்கு மட்டுமன்றித் தடுப்பவருக்கும் கணக்கை மாற்றுகிறது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் வணிகக் கப்பல்களை ஏமனின் ஹூதிகள் தாக்கத் தொடங்கியபோது, சில பத்தாயிரம் டாலருக்கு மிகாத டிரோன்களை வீழ்த்த அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஒவ்வொன்றும் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஏவுகணைகளைச் செலவிட்டன. கப்பலில் நூற்றுக்கணக்கான மாலுமிகள் இருக்கையில் அதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆனால் ஏவுகணைகளை விரைவாகச் செய்துவிட முடியாது. ஏவுகணைத் தடுப்பு என்பது பணக் கணக்காக இருப்பதைவிடக் கையிருப்புக் கணக்காகவே இருக்கிறது. எதிரியின் மலிவான டிரோன் தீர்வதற்குள் நம் விலையுயர்ந்த ஏவுகணை தீர்ந்துவிடுமா என்பதே கேள்வி. இதனால்தான் டிரோனை டிரோனால் மோதி வீழ்த்துவது, பழைய வகை விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை மீண்டும் கொண்டுவருவது, லேசர் கதிரைச் சோதிப்பது என்று எல்லாப் படைகளும் தேடுகின்றன.

தொழிற்சாலை மீண்டும் போரின் மையத்துக்கு வந்திருப்பதும் இதனால்தான். பனிப்போருக்குப் பின் மேற்கத்திய நாடுகள், இனிப் போர்கள் குறுகியவை, சிறிய அளவினவை என்று நம்பிக் குண்டு உற்பத்தியைச் சுருக்கின. 12 மாதங்களில் 10 லட்சம் பீரங்கிக் குண்டுகளைத் தருவதாக 2023 மார்ச்சில் உக்ரைனுக்கு வாக்களித்த ஐரோப்பிய ஒன்றியத்தால், குறித்த காலத்துக்குள் பாதியளவே தர முடிந்தது. வெடிமருந்துக்கான நைட்ரோசெல்லுலோஸ், அதற்கு வேண்டிய பருத்தி இழை, தேர்ந்த தொழிலாளர்கள் என ஒவ்வொன்றும் தடையாக நின்றது. பணம் ஒதுக்கிவிட்டால் ஆயுதம் வந்துவிடும் என்று எண்ணுபவர்கள் இந்த ஒரு நிகழ்வைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

உற்பத்தியோடு சேர்ந்த இன்னொரு தலைகீழ் மாற்றமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் ராணுவத்துக்காக உருவானவை பின்னர் மக்களுக்கு வந்தன. ஜிபிஎஸ்ஸும் இணையத்தின் முன்னோடியான வலையமைப்பும் அப்படித்தான். இப்போது கைபேசிக்கும் பொம்மை விமானத்துக்கும் செய்த கேமரா, மோட்டார், லித்தியம் மின்கலம், சிப் ஆகியவை களமுனைக்குப் போகின்றன. எந்த நாட்டில் இவை செய்யப்படுகின்றனவோ அந்த நாட்டின் ஏற்றுமதி விதியே போரின் போக்கைத் திருப்பக்கூடியதாகிவிட்டது. மேம்பட்ட சிப்புகள் சீனாவுக்குப் போவதை அமெரிக்கா 2022 அக்டோபரில் கட்டுப்படுத்தியதும், சீனா தன் பங்குக்கு மோட்டார்க் காந்தங்களுக்கு வேண்டிய அருமண் தனிமங்களின் ஏற்றுமதியை 2025-இல் கட்டுப்படுத்தியதும் இந்தக் கோணத்தில் பார்க்கத்தக்கவை. தனியார் நிறுவனங்களும் களத்தின் பகுதியாகிவிட்டன. 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படையெடுப்புக்குச் சற்று முன், உக்ரைன் படை பயன்படுத்திய வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையச் சேவை சைபர் தாக்குதலால் முடக்கப்பட்டது. அதன் விளைவாக ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளின் தொலைக்கட்டுப்பாடு துண்டிக்கப்பட்டது. உக்ரைனில் அந்த வெற்றிடத்தை அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் நடத்தும் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் நிரப்பியது. ஒரு நாட்டின் படைத் தொடர்பு வேறொரு நாட்டுத் தனியார் நிறுவனத்தின் சேவையைச் சார்ந்திருப்பது இதற்கு முன் இந்த அளவில் நிகழ்ந்ததில்லை.

அரசு அல்லாத ஆயுதக் குழுக்களின் கைக்கும் இதே வழியில்தான் வலிமை வந்து சேர்ந்தது. 2006-இல் லெபனான் கரைக்கு அப்பால் இஸ்ரேலின் ஹனிட் போர்க்கப்பலை ஹிஸ்புல்லா கப்பல் எதிர்ப்பு ஏவுகணையால் தாக்கியபோது உலகம் வியந்தது. ஈராக்கின் மோசூல் நகரில் நடந்த சண்டையில் ஐஎஸ் அமைப்பு கடையில் வாங்கும் டிரோன்களிலிருந்து கையெறிகுண்டுகளை வீசியது. ஹூதிகளால் கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. கடற்படை என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாத ஒரு தரப்பு உலக வணிகப் பாதையைத் திருப்பிவிட்டது.

அரசியல் விதிக்கும் எல்லைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் தவறாகிவிடும். அணுகுண்டு 1945-க்குப் பின் போரில் பயன்படவில்லை. ஆனால் அது இருப்பதனாலேயே எல்லாப் போர்களின் விளிம்பும் வரையப்படுகிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் 1998 மே மாதம் அணுச்சோதனை நடத்தின; அடுத்த ஆண்டே கார்கிலில் மோதின. அப்போது இந்திய விமானப்படைக்குக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற கட்டளை இருந்தது. அதன் பொருள், மலை முகடுகளைத் தாக்க வரும் விமானிகள் குறுகிய வான்வெளிக்குள் திரும்ப வேண்டியிருந்தது, ஏறிச் சென்ற காலாட்படை அதிக விலை கொடுத்தது. உக்ரைனுக்குக் கொடுத்த நெடுந்தொலைவு ஏவுகணைகளை ரஷ்ய மண்ணுக்குள் ஏவ அமெரிக்கா 2024 நவம்பர் வரை அனுமதிக்கவில்லை. முழுப் போர் ஆபத்தானது என்பதால், போர் என்று பெயரிட முடியாத செயல்களும் பெருகுகின்றன: 2014-இல் கிரிமியாவில் அடையாளச் சின்னம் இல்லாத சீருடையில் வந்த ரஷ்ய வீரர்கள், மின்கட்டமைப்பின் மீது சைபர் தாக்குதல், கடலடிக் கம்பிகள் அறுபடும் மர்மங்கள். யார் செய்தது என்று உறுதியாவதற்குள் செய்தவர் விரும்பியது நடந்துவிடுகிறது.

மக்கள்தொகையும் ஒரு காரணி. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் குறைவாகப் பிறக்கும் சமூகங்கள் இளைஞர்களைப் போருக்கு அனுப்பத் தயங்குகின்றன. உயிர்ப்போர் நடத்தும் உக்ரைன்கூடக் கட்டாயச் சேர்ப்பின் குறைந்தபட்ச வயதை 27-இலிருந்து 25-க்குக் குறைக்க 2024 ஏப்ரல் வரை எடுத்துக்கொண்டது. ஆள் பற்றாக்குறைதான் இயந்திரங்களின் பக்கம் தள்ளும் விசை. ஜாமரால் தொடர்பு அறுபடும்போது கடைசிச் சில நூறு மீட்டரை டிரோன் தானே இலக்கைப் பற்றிக்கொண்டு கடக்கட்டும் என்று அதற்குள் பட அறிதல் மென்பொருளை ஏற்றுகிறார்கள். தானியங்கும் ஆயுதம் என்பது யாரோ ஒரு நாள் கூடி முடிவெடுத்து வருவதில்லை. தொடர்பு அறுபடுகிறது, ஓட்டுநர் போதவில்லை என்ற அன்றாடத் தேவைகளால் ஒவ்வொரு படியாக வருகிறது. ஜெனீவாவில் ஐநா கட்டமைப்பின் கீழ் இதைப் பற்றிய பேச்சு 2014-இலிருந்து நடக்கிறது; கட்டுப்படுத்தும் உடன்படிக்கை எதுவும் பிறக்கவில்லை. மாறாக, ஏற்கெனவே இருந்த வேலிகளும் பிடுங்கப்படுகின்றன: ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் 1997 உடன்படிக்கையிலிருந்து விலக லித்துவேனியா, லாத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய நாடுகள் 2025-இல் முடிவெடுத்தன. ரஷ்யாவின் அருகில் வாழும் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் போர் முடிந்து பல்லாண்டுகளுக்குப் பின்னும் குழந்தைகளின் கால்களை எடுக்கும் ஆயுதம் அது என்பது மாறவில்லை. துல்லியம் கூடினால் பொதுமக்கள் சாவு குறையும் என்ற நம்பிக்கையும் தானாக நிறைவேறவில்லை. உக்ரைனின் கெர்சன் பகுதியில் தெருவில் நடப்பவர்களையும் ஆம்புலன்சுகளையும் ரஷ்ய டிரோன் இயக்குபவர்கள் துரத்தித் தாக்கியது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று ஐநா விசாரணைக் குழு 2025 மே மாதம் முடிவு கூறியது. கேமராவில் முகம் தெரியும் தொலைவில் இருந்துகொண்டே அவர்கள் அதைச் செய்தார்கள்.

இத்தனை காரணிகளும் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை என்றால், ஒரு படை முந்துவதும் மற்றது பிந்துவதும் ஏன்? கற்றுக்கொள்ளும் வேகத்தில்தான் வேறுபாடு இருக்கிறது. உக்ரைனில் ஒரு புதிய அலைவரிசை சில வாரங்கள் பயன்படுகிறது; அதற்குள் எதிரி ஜாமரை மாற்றிவிடுகிறான்; ஒளியிழை வருகிறது; அதற்கு வலையும் வேட்டைத் துப்பாக்கியும் வருகின்றன. ஒரு போர் விமானத்தை வரைந்து, சோதித்து, வாங்கி முடிக்கப் பதினைந்து ஆண்டு எடுக்கும் கொள்முதல் முறை இந்தச் சுழற்சிக்கு ஈடுகொடுக்காது. உக்ரைன் 2024-இல் ஆளில்லா அமைப்புகளுக்கென்றே தனிப் படைப்பிரிவை உருவாக்கியது. உறுதிசெய்யப்பட்ட தாக்குதல் காணொளிகளுக்குப் புள்ளிகள் தந்து, அப்புள்ளிகளைக் கொண்டு படைக்குழுக்கள் தங்களுக்கு வேண்டிய டிரோன்களைத் தாங்களே தேர்ந்து பெறும் ஏற்பாட்டையும் செய்தது. உயிர்களைப் புள்ளிகளாக எண்ணும் அந்த முறை மனத்தை உறுத்துகிறது. ஆயினும் எந்தக் கருவி களத்தில் பயன்படுகிறது என்ற செய்தி அமைச்சகத்துக்கும் பட்டறைக்கும் அதனால் விரைவில் போய்ச் சேர்கிறது என்பதை மறுக்க முடியாது. ரஷ்யாவும் மெதுவாகத் தொடங்கிப் பின் வேகமாகக் கற்றது; குறிப்பாக ஒளியிழை டிரோன்களில் அது முந்திக்கொண்டது.

ஒரு போரைப் பார்த்து எல்லாப் போருக்கும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2020-இல் 44 நாள் நடந்த நாகோர்னோ-கராபாக் போரில் அஜர்பைஜானின் பைரக்தார் டிரோன்கள் ஆர்மீனிய டாங்கிகளை அழித்ததைக் கண்டு டாங்கியின் காலம் முடிந்தது என்றார்கள். அதே பைரக்தார் 2022-இல் உக்ரைனில் முதல் வாரங்களில் வென்று, ரஷ்ய வான் பாதுகாப்பு ஒழுங்குக்கு வந்ததும் களமுனையை விட்டுப் பின்வாங்கியது. 2023 கோடையில் சபோரிஷியாவில் உக்ரைனின் எதிர்த்தாக்குதலை முதலில் நிறுத்தியது டிரோன் அல்ல, அடர்த்தியாகப் புதைக்கப்பட்ட கண்ணிவெடி வயல். 2025 ஜூன் மாதத்தின் இரு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஜூன் 1 அன்று, லாரிகளில் ஏற்றிய மரக் கொட்டகைகளின் கூரைக்குள் ஒளித்துவைத்த 117 டிரோன்களைக் கொண்டு, எல்லையிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் இர்குட்ஸ்க் பகுதியில் உள்ள பெலாயா உட்பட ரஷ்யாவின் விமான தளங்களை உக்ரைன் தாக்கியது. குண்டுவீச்சு விமானங்கள் எரிந்தன, ஆனால் களமுனை அதனால் நகரவில்லை. ஜூன் 13 அன்று இஸ்ரேலும் ஈரானுக்குள் முன்கூட்டியே கடத்திவைத்த டிரோன்களைக் கொண்டு வான் பாதுகாப்பைக் குருடாக்கியது. ஆனால் திறந்த அந்த வழியில் விமானிகள் ஓட்டும் போர் விமானங்களை நுழைத்து 12 நாள் ஈரானின் வானில் பறந்தது. தந்திரம் ஏறத்தாழ ஒன்றுதான். பின்னால் அனுப்புவதற்கு ஒரு விமானப்படை இஸ்ரேலிடம் இருந்தது, உக்ரைனிடம் அந்த அளவுக்கு இல்லை.